மதம் என்ற ஒரே சொல்லைப் பிரித்துப் படித்தவர்: செசில் லபோர்ட் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: "செசில் லபோர்ட் மதத்துக்குத் தனிச்சிறப்பு எதுவும் கிடையாது என்கிறார். அப்படியானால் பிரிட்டனில் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்ததை அவர் எதிர்ப்பாரா? அவர் பிரெஞ்சு பாணி மத எதிர்ப்பாளர்தானே?"

இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். அந்த இல்லை எங்கிருந்து வருகிறது என்பது கொஞ்சம் சுற்றுவழி. நானும் முதல் தடவை படித்தபோது உங்களைப் போலவே நினைத்துப் பாதியில் மூடி வைத்தேன்.

லபோர்ட் அரசியல் தத்துவவாதி, பிரெஞ்சுக்காரர். முனைவர் பட்டம் பெற்றது ஆக்ஸ்ஃபோர்டில். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பல ஆண்டுகள் பணியாற்றி, மதமும் அரசியல் கோட்பாடும் என்ற பொருளுக்கென்றே ஓர் ஆய்வு மையத்தை அங்கே அமைத்தார். 2017 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் நஃபீல்டு அரசியல் கோட்பாட்டு இருக்கையில் இருக்கிறார். இந்த இரட்டை வாசம் முக்கியம். இங்கிலாந்தில் அரசரே திருச்சபையின் தலைவர். 26 ஆயர்கள் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து சட்டம் இயற்றுகிறார்கள். பிரான்சோ 1905இல் திருச்சபையையும் அரசையும் சட்டம் போட்டு அறுத்துவிட்ட நாடு. பாடப்புத்தகக் கணக்குப்படி இரண்டாவது நாட்டில்தான் சிறுபான்மை மதத்தினர் அதிக சுதந்திரத்தோடு இருக்க வேண்டும். நடைமுறையில், முக்காடு போட்ட மாணவி இங்கிலாந்தின் அரசுப் பள்ளிக்குப் பொதுவாகத் தடையில்லாமல் போகிறாள். பிரான்சில் வாசலிலேயே அதைக் கழற்ற வேண்டும். 'அரசும் மதமும் பிரிந்திருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் இந்தப் புதிர் அவிழாது.

பிரெஞ்சுக் கதையிலிருந்தே தொடங்குவோம். 1989இல் பாரிசுக்கு வடக்கே கிரேய் என்ற ஊரில், முக்காட்டைக் கழற்ற மறுத்த மூன்று சிறுமிகளை ஒரு நடுநிலைப் பள்ளி வெளியே நிறுத்தியது. அந்தச் சச்சரவு 15 ஆண்டுகள் ஓடி, 2004 மார்ச்சில் அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களை அணியக் கூடாது என்ற சட்டத்தில் வந்து முடிந்தது. லபோர்ட் 2008இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்தச் சட்டத்தைப் பற்றியது. அவர் சட்டத்துக்கு எதிரி. ஆனால் குடியரசுக் கொள்கைக்கு எதிரி அல்லர். அதனால்தான் அந்த வாதம் சுவையானது. 'நீங்கள் தாராளவாதிகளாக மாறுங்கள்' என்று பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. நீங்களே சொல்லும் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் ஒழுங்காகப் பின்பற்றினால் இந்தத் தடை நிற்காது என்றார்.

உதாரணம், சமத்துவம். 'அரசு எல்லா மதங்களிடமிருந்தும் ஒரே தூரத்தில் நிற்கிறது, ஆகவே மாணவர்களும் மதத்தை வாசலில் விட்டுவிட்டு வரட்டும்' என்பது அதிகாரபூர்வ வாதம். சரி, அந்தத் தூரத்தை அளந்து பார்ப்போம். 1905க்கு முன் கட்டிய கத்தோலிக்கக் கோயில்களில் பெரும்பாலானவை பொதுச் சொத்து; பொதுப் பணத்தில் அவற்றைப் பராமரிக்க முடிகிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்கு அரசு பணம் தருகிறது. பெற்றுக்கொள்பவற்றில் மிகப் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். ஆண்டின் 11 பொது விடுமுறைகளில் 6 கிறிஸ்தவ நாள்கள். அல்சாஸ் பகுதியில் 1905ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது. பாதிரியார்களுக்கு அரசு சம்பளம். பெரும்பான்மை மதம் பழகிய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, புதிதாக வந்தவரைப் பார்த்து 'இங்கே யாரும் உட்காரக் கூடாது' என்று சொல்வது நடுநிலை ஆகாது. 2010இல் இதையே பிரெஞ்சு வாசகர்களுக்காகச் சுருக்கி எழுதியபோது, 'பிரெஞ்சுக்காரர்களே, குடியரசுவாதிகளாக இன்னும் கொஞ்சம் முயலுங்கள்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். புரட்சிக் காலத்தில் மார்க்கி த சாத் என்ற எழுத்தாளர் எழுதிய ஒரு துண்டறிக்கையின் தலைப்பைத் திருப்பிப் போட்ட குறும்பு அது. பேராசிரியர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?

நீங்கள் கேட்டது 2017இல் வந்த பெரிய நூலான Liberalism's Religion பற்றி. அதன் பின்னணி இதுதான். அதற்கு முந்தைய 20, 25 ஆண்டுகளில் அமெரிக்கத் தாராளவாதச் சட்டத் தத்துவவாதிகள் பலர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: மதத்துக்கென்று தனிச் சலுகை கொடுப்பது அநியாயம். கடவுள் நம்பிக்கை உள்ளவருக்கு ஒரு சட்டம், ஆழ்ந்த கொள்கையுள்ள நாத்திகருக்கு வேறொரு சட்டமா? ரொனால்ட் ட்வார்கின் இன்னும் ஒரு படி மேலே போய், மதச் சுதந்திரத்தைத் தனி உரிமையாக வைக்காமல், எப்படி வாழ்வது என்று அவரவர் தீர்மானிக்கும் பொது உரிமைக்குள் கரைத்துவிடலாம் என்றார். எதிர்ப்பக்கத்தில் தலால் அசாத், சபா மஹ்மூத் போன்ற மானிடவியலாளர்கள், தாராளவாதிகள் 'மதம்' என்று சொல்லும் பொருளே புராட்டஸ்டன்ட் அச்சில் வார்த்தது என்றார்கள். மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கைதான் மதம், சடங்கும் உடையும் மேல்பூச்சு என்ற எண்ணத்தோடு வருகிறவருக்கு முக்காடு ஒருபோதும் புரியாது.

லபோர்ட் இருவரிடமிருந்தும் பாதி பாதி எடுத்துக்கொள்கிறார். மதம் ஒட்டுமொத்தமாகத் தனிச்சிறப்பு உடையதல்ல என்பது உண்மை. அதை ஒரே ஒரு பொருளுக்கு, மனசாட்சிக்கோ வாழ்க்கை இலட்சியத்துக்கோ, ஒப்பாக்கிவிட்டுக் கிளம்புவது பிழை. ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சி வரிக்காக அளக்கிறது. வங்கி கடனுக்காக மதிப்பிடுகிறது. அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைக்காகப் பார்க்கிறார்கள். எந்தக் கணக்கு உண்மையான வீடு என்று யாரும் சண்டை போடுவதில்லை. மதமும் அப்படித்தான். சட்டம் எதற்காக மதத்தைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து, அதன் வேறுவேறு கூறுகள் முன்னுக்கு வருகின்றன. 'மதம் சிறப்பானதா' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இந்த வழக்கில் மதத்தின் எந்தக் கூறு பிரச்சினை' என்று கேளுங்கள் என்கிறார். நூலின் அடித்தளம் இதுதான். மற்றதெல்லாம் இந்தக் கேள்வியை ஒவ்வொரு வழக்காக எடுத்துச் செல்வது.

அரசின் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று கூறுகளைச் சொல்கிறார். முதலாவது, காரணம். அரசு ஒரு சட்டத்துக்குச் சொல்லும் காரணத்தை எல்லாக் குடிமக்களும் புரிந்துகொண்டு எடைபோட முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையடைப்புச் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். 'கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தார்' என்பதை அந்த வேதத்தை ஏற்காதவர் எந்தத் தராசில் வைப்பார்? 'உழைப்பவர்களுக்கு வாரம் ஒரு பொது ஓய்வு நாள் வேண்டும்' என்றால் எவரும் ஏற்கலாம், மறுக்கலாம். 1961இல் மேரிலாந்து வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் சட்டத்தைக் காப்பாற்றியது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இந்தக் கட்டுப்பாடு அரசு அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான். சாதாரணக் குடிமகன் மேடையில் வேதத்தை மேற்கோள் காட்டிப் பேசலாம். இன்னொன்று, எட்டாத காரணம் மதத்தின் ஏகபோகம் அல்ல. 'என் உள்ளுணர்வு சொல்கிறது' என்று ஓர் அமைச்சர் சட்டம் கொண்டுவந்தால் அதுவும் இதே வேலிக்கு வெளியேதான்.

இரண்டாவது, அடையாளம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் லபோர்ட்டின் முறை எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. இத்தாலியில் அபானோ தெர்மே என்ற ஊரின் அரசுப் பள்ளி. வகுப்பறைச் சுவரில் சிலுவை. அதை எடுக்கச் சொல்லி ஒரு மாணவரின் தந்தை கேட்டார், பள்ளி மறுத்தது. தாய் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2009இல் ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இத்தாலி மேல்முறையீடு செய்தது. 2011 மார்ச்சில் பெரிய அமர்வு 15க்கு 2 என்று அதைப் புரட்டிப் போட்டது. சுவரில் தொங்கும் சிலுவை செயலற்ற சின்னம், மாணவருக்கு அது பாடம் நடத்துவதில்லை என்றது நீதிமன்றம். அது வெறும் மதச் சின்னம் அல்ல, இத்தாலியப் பண்பாட்டின் சின்னமும்கூட என்று இத்தாலி அரசு வாதாடியிருந்தது.

'மதமா, பண்பாடா' என்ற இந்தச் சர்ச்சையை லபோர்ட்டின் கேள்வி ஓரமாக ஒதுக்கிவைக்கிறது. பண்பாட்டுச் சின்னமாகவே இருக்கட்டும். அது 'இந்த நாட்டுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் யார்' என்று சொல்கிறதா? ஒரு சமூகத்தில் மதம் அரசியல் பிளவுக் கோடாக இருந்தால், அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் நிற்பவருக்கு அந்தச் சின்னம் ஒரு செய்தி: நீ இரண்டாந்தரம். அங்கே அது தவறு. மதம் அப்படிப் பிளக்காத ஒரு சமூகத்தில் அதே சின்னம் தவறாக இல்லாமலும் போகலாம். மதமே இல்லாத இன, மொழி அடையாளங்களுக்கும் இதே கணக்குத்தான். 2009இல் சுவிட்சர்லாந்து பொது வாக்கெடுப்பில் 57.5 சதவீதம் பேர் புதிய மினாரெட் (மசூதிக் கோபுரம்) கட்டத் தடை போட்டார்கள். அப்போது நாடு முழுக்க இருந்தவை நான்கே நான்கு. நான்கு கோபுரங்கள் யாருடைய வானத்தை மறைத்தன? சின்னத்தின் வழியாகக் குடிமக்களைத் தரம் பிரிப்பது என்றால் இதுதான்.

மூன்றாவது, முழுமை. மதம் உணவு, உடை, உறவு, உடல் என்று வாழ்க்கை முழுவதையும் வகுக்க வருகிறது. அரசு அந்த முழு வரைபடத்தைக் குடிமகன்மேல் திணிக்கக் கூடாது. மதமற்ற முழு வரைபடமும் இதில் அடங்கும். இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு அதிகமில்லை. 19ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் காலத்திலிருந்து வரும் வாதம்தான்.

இந்த மூன்று வேலிகளுக்குள் எஞ்சியிருப்பதை அவர் குறைந்தபட்ச மதச்சார்பின்மை என்கிறார். பலரையும் திடுக்கிட வைத்தது இதிலிருந்து பிறந்த ஒரு கற்பனை. செக்யுலேரியா, டிவினிடியா என்று இரண்டு நாடுகள். முதலாவதில் பொதுவெளி மதச் சின்னங்கள் இல்லாதது, சட்டங்கள் முற்போக்கானவை. இரண்டாவதில் மதத்துக்கு அரசு அடையாள அளவில் மரியாதை தருகிறது, கருக்கலைப்பு போன்ற விஷயங்களில் சட்டம் கட்டுப்பாடானது, மத அமைப்புகளுக்குத் தாராளமான விலக்குகள். மூன்று வேலிகளையும் தாண்டாதவரை இரண்டுமே முறையான தாராளவாத அரசுகள்தான் என்கிறார். எல்லா நாடும் பிரான்சைப்போலவோ அமெரிக்காவைப்போலவோ இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் இடதுசாரி வாசகர் பலருக்கு இது தொண்டையில் சிக்கிய முள். எனக்கும் கொஞ்சம்தான் இறங்குகிறது. கருவின் நிலையைப் பற்றி எடைபோடக்கூடிய வாதங்கள் இரு பக்கமும் உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், அந்தச் சட்டத்தின் சுமை ஒரே பாலினத்தின் உடல்மேல் விழுகிறதே. அதை அடையாளச் சமத்துவப் பிரச்சினையாகவே அவர் இன்னும் அழுத்தமாகப் பார்த்திருக்கலாம்.

அடுத்தது, நூலின் மிகப் பலமான பகுதி என்று நான் நினைப்பது: எது மதத்தின் எல்லை, எது அரசின் எல்லை என்று யார் முடிவு செய்வது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியை. கணக்கு, சமூக அறிவியல், மதப் பாடம் எல்லாம் அவரே. நோய்வாய்ப்பட்டு விடுப்பில் போய்த் திரும்பியபோது பள்ளி வேலையில் சேர்க்கத் தயங்கியது. வழக்குப் போடுவேன் என்றதும் நீக்கிவிட்டது. மாற்றுத்திறனாளர் சட்டம் அவர் பக்கம். ஆனால் அவர் மதப் பணியாளராக அழைக்கப்பட்டவர் என்றது பள்ளி. அவருடைய ஒரு நாளில் மத வேலை சுமார் 45 நிமிடம்தான் என்று கணக்குச் சொன்னார்கள். இதை ஸ்டாப்வாட்ச் வைத்துத் தீர்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எழுதினார். 2012இல் நீதிமன்றம் ஒருமனதாகப் பள்ளியின் பக்கம் நின்றது. திருச்சபை தன் பணியாளரைத் தேர்ந்தெடுப்பதில் அரசு தலையிட முடியாது என்பது தீர்ப்பு.

சில அமெரிக்க அறிஞர்கள் இதைத் திருச்சபையின் இறையாண்மை என்றே கொண்டாடினார்கள். லபோர்ட் அதை ஏற்பதில்லை. இரண்டு இறையாண்மைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வேலி எங்கே என்று சொல்ல மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அந்த வேலை ஜனநாயக அரசுடையது. அதே சமயம், சங்கங்களுக்கு இரண்டு உண்மையான நலன்கள் உண்டு என்கிறார். ஒன்று, தன் கொள்கைக்குப் பொருந்தத் தன்னை அமைத்துக்கொள்வது: பெண்களைக் குருக்களாக ஏற்காத சபையை நீதிமன்றம் ஏற்கவைக்க முடியாது. இன்னொன்று, தகுதி: நல்ல இறையியலாளர் யார் என்று தீர்மானிக்க நீதிபதிக்குத் தகுதி இல்லை. இந்த அளவுகோலை மிச்சிகன் வழக்கில் நான் வைத்துப் பார்த்தால், 'நோயாளியை வைத்துக்கொள்ளாதே' என்று லூத்தரன் கொள்கை எதுவும் இல்லையே என்றுதான் தோன்றுகிறது. சச்சரவைச் சபைக்குள்ளேயே தீர்க்க வேண்டும் என்ற கொள்கையைப் பள்ளி சொன்னது. அது உண்மையான காரணமா என்று பார்க்கும் கதவை நீதிமன்றம் மூடியதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு மணி அடிக்கும், அடிக்கட்டும். நம் நீதிமன்றங்கள் 70 ஆண்டுகளாக இதே வேலியில் ஏறி இறங்குகின்றன. 1954இல் சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பியின் சிரூர் மடாதிபதி தொடுத்த வழக்கில், ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்தே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1972இல், பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பற்றிய வழக்கில், அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல், பரம்பரை உரிமை மதத்தின் பகுதி அல்ல என்று சட்டத்தைக் காப்பாற்றியது; ஆனால் ஆகமம் சொல்லும் தகுதி மீறப்படக் கூடாது என்று சேர்த்துவிட்டது. அந்த 'ஆனால்' இன்றுவரை நீதிமன்றப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றியமையாதது எது என்று தேடப் போன நீதிபதி ஆகமப் பண்டிதராக மாற வேண்டியிருப்பதே இந்த முறையின் சிக்கல். லபோர்ட்டின் வழியில் போனால் கேள்வி மாறுகிறது: இது எந்த அமைப்பின் நலன், அந்த அமைப்பு எவ்வளவு தூரம் தன்னிச்சையான சங்கம், எவ்வளவு தூரம் பொது நிறுவனம்? அவரே 2021இல் அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழில் தன் குறைந்தபட்ச மதச்சார்பின்மையை இந்தியாவோடு உரசிப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். மதச்சார்பின்மை மேற்கத்திய இறக்குமதி, இங்கே ஒட்டாது என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

இனி உங்கள் ஹெல்மெட். பிரிட்டனில் 1973இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு ஹெல்மெட் கட்டாயமானது. 1976இல் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்குச் சட்டம் வந்தது. மதம் சிறப்பானதல்ல என்றால் இந்த விலக்கு எதற்கு? லபோர்ட் சொல்வது: சட்டம் காக்க வேண்டியது மதம் என்ற பெயர்ப்பலகையை அல்ல, அகநேர்மையை. ஒருவர் தான் யார் என்று எண்ணி வாழ்கிறாரோ அதற்கும் தன் நடத்தைக்கும் இடையே பிளவில்லாமல் வாழ்வதை அவர் அப்படிச் சொல்கிறார். சீக்கியருக்குத் தலைப்பாகை அப்படிப்பட்டது. காற்று தலைமுடியில் பட வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞருடையது வெறும் விருப்பம். ஆனால் போர் செய்ய மறுக்கும் நாத்திகருடையது விருப்பம் அல்ல. 1965இலேயே அமெரிக்க நீதிமன்றம் வழக்கமான கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அந்த விலக்கைக் கொடுத்துவிட்டது.

அகநேர்மை இருந்தால் மட்டும் போதாது. சட்டம் நேரடியாகவும் கடுமையாகவும் அந்த வாழ்வை நெரிக்கிறதா, சட்டத்தின் நோக்கம் எவ்வளவு கனமானது, விலக்கின் விலையை வேறு யாராவது கொடுக்கிறார்களா என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பான்மைக்குத் தானாகவே கிடைக்கும் வசதி சிறுபான்மைக்கு இல்லையா என்பதும் கேள்வி: ஞாயிறு கோயிலுக்குப் போக எந்தக் கிறிஸ்தவரும் விடுப்பு கேட்டு விண்ணப்பிப்பதில்லை. ஹெல்மெட் வழக்கில் ஆபத்து பெரும்பாலும் ஓட்டுபவரின் தலைக்குத்தான், விலக்கு நிற்கும். 2014இல் ஹாபி லாபி என்ற அமெரிக்கக் கடைத் தொடரின் உரிமையாளர்கள், ஊழியரின் மருத்துவக் காப்பீட்டில் நான்கு கருத்தடை முறைகளுக்குப் பணம் தர மாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என வென்றார்கள். அங்கே முதலாளியின் மனசாட்சிக்கான செலவு ஊழியரின் பைக்கு நகரும் வழி திறந்தது. அரசு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றது நீதிமன்றம். அந்த ஏற்பாடு வரும்வரை விலை கொடுப்பவர் யார் என்பதே லபோர்ட்டின் தராசில் கனக்கும்.

இந்தத் தராசில் எனக்கு நெருடுவது ஒன்று உண்டு. அடையாளம் இரண்டாந்தரமாக்குகிறதா, உறுதிப்பாடு உண்மையானதா என்பதெல்லாம் அந்தந்த ஊரின் சமூகவியல். அதை அளக்க வேண்டியவர் பெரும்பாலும் பெரும்பான்மையிலிருந்து வந்த நீதிபதி. சுவரில் சிலுவையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது செயலற்ற சின்னமாகத்தான் தெரியும். 15க்கு 2 என்ற எண்ணிக்கையில் எனக்குத் தெரிவது அதுதான். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இப்படிப் பார்க்கலாம்: 'சீக்கியர்' என்று பெயர் சொல்லிக் கொடுத்த விலக்கு, சடைமுடியை ஹெல்மெட்டுக்குள் அடக்க முடியாத, ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி மதத்தவருக்கு ஏன் இல்லை? லபோர்ட்டின் கொள்கைப்படி அவருக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும்.

படிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், 2017 நூலின் முதல் பாதியில் நுழைந்து மூச்சு முட்டாதீர்கள்; அது மற்ற தத்துவவாதிகளோடு அவருடைய சண்டை. அபானோ தெர்மே தீர்ப்பை, முக்கியமாக மாறுபட்ட இரண்டு நீதிபதிகள் எழுதியதை, முதலில் படித்துவிட்டு நேரே இரண்டாம் பாதிக்குப் போங்கள்.